வீட்டுப் பாத்தி

கயத்தாறு ரோட்டில் திரும்பிய வாடகைக் காரின் பின்சீட்டில் மந்திரமூர்த்தி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகள் சுடலைச்செல்வி, ஆறு மாத வயிற்றின் மேல் போனை வைத்துப் பண்ணை விவரத்தை வாசித்துக்கொண்டு வந்தாள். ஆறு மாதத்துக்கு முன்பணம் கட்டிப் பங்கு சேர்ந்தால், பண்ணையில் விளைவது சனிக்கிழமைதோறும் ஒரு கூடை கோவில்பட்டிக்கு வீடு தேடி வரும். மருந்தே அடிப்பதில்லையாம். ஏற்கெனவே இரண்டு கரு தங்காமல் போனவள். கடைக் காயைத் தொடவே பயந்து கிடந்தாள்.

"மருந்தில்லன்னு எழுதுதவனை நம்பாத, ஏட்டி. எழுதினா கை வலிக்கவா போவுது?"

"அதான பாக்கப் போறோம். கூடையில கத்திரிக்கா வந்தா உங்களுக்குத்தான் கஷ்டம். எனக்கு நெனவு தெரிஞ்சி நீங்க ஒரு துண்டு தொட்டிருக்கியளா?"

மந்திரமூர்த்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பண்ணைக்காரன் அய்யாத்துரை வாசலுக்கே வந்து கூட்டிப்போனான். கத்திரிச் செடிகள் எண்ணெய் தேய்த்ததுபோல் மின்னின. ஒரு இலையில்கூட ஓட்டை இல்லை.

"பூச்சியெல்லாம் எங்க தம்பி?"

"வேப்பெண்ணெய் அடிக்குதோம், அண்ணாச்சி. பூச்சி நம்ம எல்லைக்குள்ள வாரதுக்கே யோசிக்கும்!"

செல்வி சிரித்தாள். மந்திரமூர்த்தி சிரிக்கவில்லை. மோட்டார் ரூமுக்குப் பின்னால் பழைய சேலையைக் கட்டி மறைத்த ஒரு சின்னப் பாத்தி. பத்துச் செடி இருக்கும், இலையெல்லாம் சல்லடை. அய்யாத்துரையின் பெண்டாட்டி, மின்னுகிற செடிகளையெல்லாம் தாண்டிப் போய், அந்தச் சொத்தைச் செடியில் மத்தியானக் குழம்புக்கு மடியில் பறித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பாத்தி மந்திரமூர்த்திக்குத் தெரியாததா? சொந்தக் காட்டில் வெள்ளாமை செய்த காலத்தில் அவரும் வைத்திருந்தார். சந்தைக்குப் போகிற காய்க்கு முந்தின சாயங்காலம் மருந்து, வீட்டுக்கு மருந்தடிக்காத தனிப் பாத்தி. ஊரே அப்படித்தான் செய்தது.

செல்வி அதற்குள் பங்குப் படிவத்தையும் பேனாவையும் கையில் வாங்கிவிட்டாள். சொல்லாவிட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. சொன்னால் மகள் தன்னை என்னவென்று பார்ப்பாள்?

"கையெழுத்துப் போடாத" என்றார்.

"ஏம்ப்பா?"

"நாலு வயசுல உனக்கு வலிப்பு வந்துச்சின்னு அம்மா சொல்லியிருப்பால்லா? வலிப்பு இல்ல. நான் சந்தைக்கு மருந்தடிச்சி வச்ச கத்திரிக்கா. அவ அவசரத்துல பாத்தி மாறிப் பறிச்சிட்டா. உனக்குத்தான் முதல்ல ஊட்டுனா. மூணு நாளு வாயில நுரை தள்ளி ஆஸ்பத்திரியில கெடந்த."

"அண்ணாச்சி, என்ன பேசுதிய?" என்று பாய்ந்தான் அய்யாத்துரை.

"அந்தச் சேலைக்குப் பின்னால இருக்கது யாரு திங்கதுக்குலே?"

அய்யாத்துரை பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மோட்டார் ரூமுக்குள் போய்விட்டாள்.

கார் மணியாச்சி தாண்டியதும் செல்வி கேட்டாள்:

"எனக்கு ஆஸ்பத்திரி இருந்துச்சி. நீங்க வித்ததைத் தின்னவங்களுக்கு?"

முப்பது வருடமாக அவர் பயந்து கிடந்த கேள்வி அதுதான்.

ஓட்டப்பிடாரத்துப் பக்கம் இரண்டாவது பண்ணை. வெயிலுகந்தம்மாள் என்ற விதவைப் பெண் நடத்துவது. பெயர்ப்பலகைகூட இல்லை. கத்திரி இலையெல்லாம் ஓட்டை. செல்வி விலையைக் கேட்கவில்லை.

"உங்க வீட்டுக்கு எந்தப் பாத்தியில பறிப்பிய?"

"வீட்டுக்குன்னு தனியாவா? நல்லதை ஒங்களுக்குக் குடுத்துட்டுச் சொத்தையை நாங்க திங்குதோம்" என்றாள் அவள்.

வாய் எதையும் சொல்லும். மந்திரமூர்த்தி வரப்பிலிருந்து இறங்கி, நடுப் பாத்தியில் ஒரு பிஞ்சைக் கிள்ளினார். காம்போடு இலையும் வந்தது. அப்படியே பச்சையாகக் கடித்தார்.

"புழு பாத்துக் கடிங்க, அண்ணாச்சி!"

தொண்டை துவர்த்தது. விழுங்கினார்.

"நாளைக் காலையில நான் நல்லபடியா எந்திரிச்சா நீ பங்கு சேரு" என்றார் மகளிடம்.

கோவில்பட்டி வரும்வரை செல்வி, பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வாயையே பார்த்துக்கொண்டு வந்தாள்.