பனியன் வேஸ்ட்

வண்டிக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கும் மாமனார் லோகநாதன், அடுப்படியில் தாளித்துக்கொண்டிருக்கும் அவர் மகள் ஜெயஸ்ரீ, வண்டியின் பின்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கும் குமரவேல், அவ்வளவுதான், மூன்றே பேர், வேண்டுமானால் அவன் முன்னால் பெட்டிக்குள் ஓடும் இந்த ஜெனரேட்டரை நான்காவதாகச் சேர்த்துக்கொள்ளலாம், செம்பாக்கத்து வீட்டில் குரலை உயர்த்த உரிமை உள்ளவர்கள் மாமனாரும் அதுவும்தான்... ஆயில் மாற்றுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும், சூடானால்தான் ஆயில் இளகி அடியிலிருக்கும் கசடோடு இறங்கும், வெறுமனே ஓடினால் போதாது, ஏசி மாதிரி ஒரு சுமையை இழுக்க வேண்டும், இதை அவர் எப்படியோ தெரிந்துவைத்திருக்கிறார், ஸ்பேனர் சத்தம் கேட்டாலே தலையணையோடு வந்துவிடுகிறார். "சும்மாத்தான ஓடப்போவுது மாப்ள, நான் போயி கட்டய சாய்க்கிறேன்." போனதும் உள்ளே பூட்டிக்கொள்வார். எங்கே படுத்தாலும் பூட்டாமல் தூக்கம் வராது அவருக்கு, யார் எதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ... ஏரிப் பக்கத்து நிலத்தை விற்று வாங்கிய கேரவன், ஈசிஆர் பக்கம் ஷூட்டிங்குக்கு வாடகைக்குப் போகும், நடிக்கிறவர்கள் உள்ளே உட்கார்ந்து பவுடர் போட்டுக்கொள்வார்கள், போகாத மதியங்களில் ஜெனரேட்டரைப் போட்டுக்கொண்டு இவர் தூங்குவார். "என் மண்ண வித்து வாங்குன வண்டி, நான் தூங்காம வேற எவன் தூங்குவான்?" நியாயம்தான். குமரவேல் இதில் போட்டது என்ன? உடம்பு. பெருங்குடி கால் சென்டரில் ஏழு வருடம் ராத்திரி வேலை, யாரோ ஒரு வெள்ளைக்காரனிடம் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள் சார் என்று சொல்லிச் சொல்லி, ஒருநாள் பாதி ஷிஃப்டில் காதிலிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு நடந்து வந்தவன், அன்றிலிருந்து மாமனாருக்கு அவன் ராக்கோழி, கல்யாண வீட்டில்கூட, பந்தியில்கூட... சரி, விடு.

ஓடும்போதே ஒரு தடவை டார்ச் அடித்துச் சுற்றிப் பார்ப்பது வழக்கம். பெல்ட் சரி. டீசல் குழாயில் ஈரம் இல்லை. மெக்கானிக்கைக் கூப்பிடாமல் அவனே செய்வதற்குக் காரணம் இந்தப் பெட்டியின் முன்னால் மட்டும்தான் அவனுக்குத் தெரிந்தது யாருக்கும் தெரியாது, அது ஒரு சுகம், கேவலமான சுகம்தான், இருக்கட்டும்... வெளிச்சம் சைலன்சர் குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில் நின்றது. கரி. போன தடவை இது இல்லை. இணைப்பைச் சுற்றி விசிறி மாதிரி படர்ந்து, நடுவில் புகையை அடைத்துவைக்கும் கேஸ்கெட் அரித்துப்போய், ஒவ்வொரு துடிப்புக்கும் பூனை சீறுவதுபோல் ஒரு சின்ன ஊதல். கரி போன வழியே வெளிச்சத்தையும் கொண்டுபோனான், பெட்டியின் மேல்தகடு, ஒயர் உள்ளே போகும் ஓட்டை, அதை அடைத்திருந்த பசை எப்போதோ விழுந்துவிட்டது, ஓட்டையின் விளிம்பும் கறுப்பு. அதற்கு மேலே என்ன? கட்டில். கட்டிலுக்கு மேலே?

கூரையில் வெள்ளையாக வட்டமாக ஒரு அலாரம் இருந்ததே... போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜெயஸ்ரீ தணல் போட்டுச் சாம்பிராணிக் கரண்டியோடு உள்ளே ஏறினாளோ இல்லையோ, தொண்டை கிழியக் கத்தியது. "இன்னா மாப்ள இது, சாமி கும்புட்டா எழவு வுழுந்த மாதிரி கத்திகினு கீது, பேஜாரா, புடுங்கிப் போடு அத்த." பிடுங்கினான். அதிலிருந்த பேட்டரி ஹால் கடிகாரத்துக்குச் சரியாக இருந்தது. சாம்பிராணிப் புகைக்கும் தீக்கும் வித்தியாசம் தெரியாத முட்டாள் மிஷின் என்று எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான், ஆனால் அதோடு வந்த தாளைப் படித்தவன் இந்த வீட்டில் அவன் ஒருவன்தானே, அது தீயைத் தேடுகிற மிஷின் இல்லை, மூடிய இடத்தில் தணலிலிருந்தும் இன்ஜினிலிருந்தும் வருகிற, வாசனையில்லாத விஷத்தைத் தேடுவது, அன்றைக்கு அது சரியாகத்தான் கத்தியது, மாமனார் சொன்னபிறகு அதை எடுத்துச் சொல்ல வேண்டுமா, சொன்னால் மட்டும்... ஒரு மாதமாகத் தலைவலி என்கிறார். கிர்ருனு சுத்துது என்கிறார். பிரஷர் மாத்திரையை மாற்றிப் பார்த்தார்கள், சுகர் பார்த்தார்கள், ஜெயஸ்ரீ உப்பைக் குறைத்தாள். வண்டி ஷூட்டிங் போயிருந்த வாரம் அவர் சிட்லபாக்கம் வரை நடந்து போய்விட்டு வந்து எல்லோரையும் திட்டினார், நல்ல தெம்பாக. ஏன் யாருக்கும் உறைக்கவில்லை... ஏன் அவனுக்கு...

நிறுத்து. சிவப்புப் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில்தான். டார்ச்சைக் கீழே வைத்தான். கையெல்லாம் பிசுக்கு. கை துடைக்க வைத்திருந்த பனியன் வேஸ்ட்டை, அந்தத் துணிச் சுருளை எடுத்தான், கட்டை விரல், ஆள்காட்டி விரல், நகக்கண்ணில் பழைய கறுப்பு, அதையும் ஒரு நூலை இழுத்து... அடுத்த கை... தலைக்கு மேல் ஒரு விமானம் விமானப்படைத் தளத்தை நோக்கி இறங்கியது, அது போகட்டும் என்று நின்றானா, எதற்கு, ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது, மேலே அவர் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறார், ராக்கோழி, ராக்கோழி... பொத்தானை அழுத்தினான்.

இவ்வளவு அமைதியா இந்தத் தெரு? ஓடினான். கதவு பூட்டியிருந்தது. "மாமா." தட்டினான். "மாமா, கதவைத் திறங்க!" உள்ளங்கையால் அறைந்தான், முஷ்டியால் இடித்தான், உள்ளே ஒன்றுமில்லை, ஏசியில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும். ஜெயஸ்ரீ கரண்டியோடு ஓடிவந்தாள். "என்னாச்சுங்க? அப்பாவுக்கு என்னாச்சு?" என்ன சொல்வது, எதிலிருந்து தொடங்குவது? ஸ்பேனரை எடுத்து ஜன்னல் கண்ணாடியை உடைக்கத் திரும்பினான், அப்போதுதான் உள்ளே ஏதோ உருண்டது, ஒரு கெட்ட வார்த்தை கேட்டது, இவ்வளவு இனிமையாக ஒரு கெட்ட வார்த்தையை அவன் கேட்டதே இல்லை, பூட்டு விலகியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கி, படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முகம் செக்கச் சிவந்திருந்தது. வேலியோரமாகக் குனிந்து வாந்தி எடுத்தார்.

"அப்பா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்பா. ஆட்டோ கூப்பிடவா?"

"காத்து பட்டா சரியாப் பூடும். மண்ட பொளக்குது, அவ்ளோதான். இன்னா மாப்ள, கதவ ஒடச்சி பேரீச்சம்பழத்துக்குப் போடப் பாக்கறியா?"

"கேஸ்கெட் போயிருக்கு மாமா. புகை உள்ள வருது. உங்க தலைவலி இதாலதான். ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் ஆகணும்." சொல்லிவிட்டான். முழுசாகச் சொல்லிவிட்டதுபோல் மூச்சு வாங்கியது.

அவர் அண்ணாந்து பார்த்தார். வாயைத் துடைத்தார். "எப்ப பாத்த?"

"இப்பத்தான். பாத்ததும் நிறுத்திட்டேன்."

அவர் பார்வை முகத்திலிருந்து இறங்கியது. ஸ்பேனரைப் பிடித்திருந்த கையில் நின்றது. எத்தனை தடவை பார்த்திருப்பார், இந்த வேலை செய்கிற மதியமெல்லாம் முழங்கை வரை கறுப்போடு சாப்பிட வந்து நிற்பவனை, எண்ணெய்க் கையோட சொம்பத் தொடாத என்று கத்தியவர்தானே...

"கை சுத்தமா கீதே மாப்ள," என்றார். கேலியா, சாதாரணமாகத்தான் சொன்னாரா, குரலில் ஒன்றும் பிடிபடவில்லை.

"நீங்களும் ஒரு கை பிடிங்க, ஏன் நிக்கிறீங்க," என்றாள் ஜெயஸ்ரீ. அவன் பிடிக்கப் போனபோது, அவர் மகளின் தோளில் சாய்ந்துகொண்டார். "நீ உன் வேலயப் பாரு."

இருவரும் வீட்டுக்குள் போனார்கள். ஆட்டோவுக்குச் சொல்ல வேண்டும், அவர் வேண்டாம் என்றாலும் சொல்ல வேண்டும், போனை வண்டிக்குப் பின்னால் வைத்தோமா... ஆயில் ஆறிக்கொண்டிருக்கும், டிரெயின் போல்ட்டைத் தொடக்கூட இல்லை, பொத்தானை அழுத்த எதற்குச் சுத்தமான கை? வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது, அது எப்போதும் விழுவதுதான், ஆள் படுக்கப் போனால் விழும். அதற்குப் பிறகு, ஊருக்குப் போகும்போது மட்டும் போடும், கதவிலேயே பதித்த பெரிய பூட்டின் சாவி உள்ளேயிருந்து திரும்புகிற சத்தம் கேட்டது, ஒரு சுற்று, இன்னொரு சுற்று, திருப்புவது அவர் கையா, அவள் கையா...