கேட்சரைப் பற்றித் தாய்மாமன் எழுதியது

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் அது மரியாதையாக இருக்காது. என் அண்ணன் மகன் பழனியப்பனும் அவன் தங்கை அம்சவேணியும் இந்த வாரம் என் வீட்டுக்கு வந்தார்கள். ஒரே பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், நடந்ததை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். குடும்பத்தில் மூத்தவன் நான். தீர்ப்புச் சொல்ல வேண்டியவன். தீர்ப்பு வரவில்லை, கதைதான் வந்தது.

[எழுதி அடித்த தொடக்கம்: "யாங்கோன் நகரின் மிங்கலா தாங்ஞுன்ட்டில், ரயிலின் ஓசையோடு விடிந்த ஒரு காலையில்..." அந்தக் காலையில் ரயில் வரவில்லை. பொய்யோடு தொடங்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.]

[அடுத்தது: "பழனியப்பன் ஒரு முட்டாள்." எங்கள் வீட்டில் முட்டாள்கள் கிடையாது. அடித்தேன்.]

"பழனியப்பனுக்கு பேஸ்பால் பிடிக்கும்." இதில் யாருக்கும் தலைகுனிவு இல்லை. இப்படியே தொடங்கலாம்.

2.

பழனியப்பனுக்கு பேஸ்பால் பிடிக்கும். கிரிக்கெட்டுக்குத் தூரத்துச் சொந்தமான ஆட்டம் அது. ஒருவன் எறிவான், ஒருவன் தடியால் அடிப்பான். அடித்தவன் நான்கு மூலையும் ஓடித் தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும். எங்கள் பகுதிக் குழுவுக்கு எஞ்சின்ஸ் என்று பெயர். போன ஆண்டு கடைசியில் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டும் அப்படித்தான். இருந்தும் ஒரு ஆட்டத்தைக்கூடப் பழனியப்பன் தவறவிட்டதில்லை. அறுபதை நெருங்குகிறவன், பம்பு மோட்டார்க் கடையைப் பாதி நாளில் பூட்டிவிட்டு மைதானத்துக்குப் போய்விடுவான்.

பார்த்ததோடு விடமாட்டான். ரசிகர்களின் வைபர் அரட்டைக் குழுவில் பர்மிய மொழியில் எழுதுவான். யாரையும் விட்டுவைக்காததால் எல்லோரும் தேடிப் படிப்பார்கள். இரண்டைத் தமிழில் தருகிறேன்:

"மூன்றாம் மூலையில் ரிஹான் நிற்கிறான் என்கிறார்கள். உண்மைதான், நிற்கிறான். பந்து வரும்போதும் நிற்கிறான்."

"எறிகிற பிரேம்நாத்துக்கு நல்ல கை. ஆனால் எறிவதற்கு முன் அடிக்க வந்தவனைப் பார்த்துச் சிரிக்கிறான். வந்திருப்பவன் விருந்தாளி இல்லை, தம்பி."

ஆண்டுக்கொரு முறை புதிய ஆட்டக்காரர்களைக் குழுக்கள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். கடைசியில் வந்த குழுவுக்கு முதல் தேர்வு. தோல்வியில் எஞ்சின்ஸுக்கு மிஞ்சிய ஒரே சொத்து அதுதான். போன தடவை பழனியப்பன் வேண்டாம் என்று எழுதிய ஆளைக் குழுவின் மேலாளர் அப்துல் பாரி துணிந்து எடுத்தார். அந்த ஆள் முதல் ஆட்டத்திலேயே மூலை மாறி ஓடினான். அன்று முதல் பழனியப்பன் வாயிலிருந்து ஒரு சொல் வராமல் அப்துல் பாரி யாரையும் எடுப்பதில்லை. தேர்வு நடக்கும் கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும், பெரியவர்களுக்குரிய பர்மிய 'ஊ' சேர்த்து, "ஊ பழனி என்ன சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் பெயர் சொல்வார்.

இந்த ஆண்டு எல்லோர் வாயிலும் இருந்த பெயர் ஸோ லின். கேட்சர். அதாவது அடிப்பவனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, தப்பி வரும் பந்தைப் பிடிப்பவன். பந்து முகத்தைப் பெயர்த்துவிடாமல் இருக்க இரும்புக் கம்பி முகமூடி போட்டிருப்பான். பழனியப்பன் யாங்கோனின் இன்னொரு பகுதியான தாகேதாவின் மைதானத்துக்குப் போய், மேல் படியில் உட்கார்ந்து, அவன் ஆட்டத்தைப் பார்த்தான். வீடு திரும்பியதும் எழுதினான்:

"ஸோ லின்னை முதல் தேர்வாக எடுக்கிறவர்கள் பின்னால் ஒரு மீன்வலையும் கட்டி வைக்கவும். இடப்பக்கம் வரும் பந்தைச் சுடச்சுட பஜ்ஜி வாங்குவதுபோல் வாங்கிக் கீழே போடுகிறான். இப்படி ஒரு கையை வளர்த்து அனுப்பிய வீட்டாருக்கு என் ஆழ்ந்த அனுதாபம்."

(கடைசி வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். குடும்பத்துக்கு நல்லது. ஆனால் கதையே அதில்தான் இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவைக்கிறேன்.)

3.

இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர்கள். அர்ச்சனைக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கும் அடையாள அட்டைக்கும் ஒன்று. முதல் பெயர் வெளியே போகாது, இரண்டாவது வீட்டுக்குள் வராது. என் பேத்தியின் பர்மியப் பெயர் எனக்கே நிச்சயமாகத் தெரியாது. இத்தனை வருஷம் கழித்துக் கேட்பதற்கு வெட்கமாக இருக்கிறது.

கியாக்தானில் மளிகைக் கடை வைத்திருக்கும் அம்சவேணிக்கு ஒரே மகன். பெயர் சுரேந்திரன். தாகேதாவில் வேலை. "அவன் ஏதோ பந்து விளையாடறான்" என்று அவள் எப்போதோ சொன்னாள். ஏதோ பந்து என்றால் கால்பந்து என்று பழனியப்பன் எடுத்துக்கொண்டான்.

அந்த வரிகளை எழுதிய மறுநாள் காலை, மொஹிங்கா என்னும் மீன்குழம்பு நூடுல்ஸ் கிண்ணத்தில் பழனியப்பன் கரண்டியை வைத்தபோது போன் வந்தது.

"அண்ணே, வைபர்ல எழுதற மகராசன் நீங்கதானா?"

"நான்தான். உனக்கு எதுக்கு அதெல்லாம்?"

"ஸோ லின்னுன்னு ஒருத்தனப் பத்தி எழுதியிருக்கீங்களாமே."

"ஆமா. கையில வெண்ணெயத் தடவிக்கிட்டு வந்து குந்திருக்கான்."

"அந்த வீட்டாருக்கு உங்க அனுதாபமாம்."

"பின்ன? பாவம், என்ன பண்ணுவாங்க."

"அனுதாபம் வந்து சேந்துருச்சுண்ணே. அந்த வீடு இதுதான்."

[இந்த இடத்தில் "அம்சவேணி விம்மினாள்" என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த அம்சவேணி, "நான் ஒண்ணும் அழலை சித்தப்பா, மூக்கச் சிந்துனேன்" என்றாள். எடுத்துவிட்டேன். பழனியப்பன் போனைக் கிண்ணத்துக்குள் போட்டதாகவும் ஒரு வரி இருந்தது. எங்கள் குடும்பத்து ஆண்கள் போனைக் குழம்பில் போடுவதில்லை. அதையும் எடுத்துவிட்டேன். போன் இரண்டு நாள் வேலை செய்யவில்லை என்பது மட்டும் உண்மை.]

அம்சவேணி மிச்சத்தையும் சொன்னாள். அடுத்த மாதம் சுரேந்திரனுக்குக் கல்யாணம். பெண் தாகேதாவில் இருக்கும் ராதா. மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டுவது தாய்மாமன் உரிமை. சீர்த்தட்டோடு முதலில் நுழைவதும் அவன்தான்.

"ஞாயித்துக்கிழமை தேர்வுக்கு முன்னாடி, எழுதினது தப்புன்னு எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. இல்லேன்னா சீரும் வேணாம், நீங்களும் வேணாம். தலைப்பாகைய எதிர்க்கடை அய்யாசாமி கட்டுவாரு."

"அய்யாசாமியா? அவருக்குத் தன் லோஞ்சியவே ஒழுங்காக் கட்டத் தெரியாது."

"பரவாயில்ல. வாய்க்கட்டாவது இருக்கு."

4.

இங்கே வாசகர் கேட்பார்: மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே? நானும் கேட்டேன். ஒரு கட்டத்தில் இந்தப் பாத்திரத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. தங்கை மகன் கல்யாணத்தைவிட ஒரு கேட்சரைப் பற்றிய கருத்து பெரிதென்று நினைக்கிற மனிதன் இருப்பானா? கதைக்காக நானே வளைக்கிறேனா?

பழனியப்பனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"சித்தப்பா, அவன் பந்தக் கீழ போட்டான். நான் பாத்தேன்."

"இப்ப அவன் சுரேந்திரன்னு தெரிஞ்சு போச்சே."

"தெரிஞ்சதுனால பந்து மேல ஏறிருமா? நேத்து வரைக்கும் மோசம், இன்னிக்கு மருமகன்னு தெரிஞ்சதும் நல்ல ஆட்டக்காரன்னு எழுதினா, நம்ம வீட்டு வார்த்தைய இனி எவன் நம்புவான்? இத்தனை வருஷமா ரிஹான் அப்பா என்னோட பேசறதில்ல. பிரேம்நாத் வீட்டுல எனக்குப் பத்திரிகை வைக்கல. அவங்களுக்கெல்லாம் நான் என்ன பதில் சொல்ல?"

இதற்குப் பிறகு நான் சந்தேகப்படவில்லை. சொன்ன சொல்லைக் காப்பதும் குடும்ப மானம்தான். தாய்மாமன் இடத்தைக் காப்பதும் குடும்ப மானம்தான். இரண்டும் ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு ஒன்றையொன்று முறைத்தால், எழுதுகிறவன் எந்தப் பக்கம் உட்காருவான்?

5.

(இந்தப் பகுதியை அம்சவேணிக்குக் காட்டப்போவதில்லை. நீங்களும் சொல்லிவிட வேண்டாம்.)

பழனியப்பன் பஸ் ஏறிக் கியாக்தானுக்குப் போனான். அம்சவேணி "வாங்க" என்றாள். டீ போடவில்லை. எங்கள் வழக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். சுரேந்திரன் சட்டையை மாட்டிக்கொண்டு, "வாங்க மாமா, அப்படியே நடந்துட்டு வருவோம்" என்று ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனான். தீவுக் கோவிலுக்குப் போகும் படகுகளுக்குப் பக்கத்தில், மீன்களுக்குப் போடப் பொரி விற்கிறவர்களின் இரைச்சலுக்கு நடுவே பேசினார்கள்.

"மாப்ள, நீன்னு எனக்குத் தெரியாது. மூஞ்சில கூண்டு மாட்டியிருந்த."

"நீங்க எழுதினது சரிதான் மாமா. இடப்பக்கம் எனக்கு நழுவுது. பஜ்ஜின்னு எழுதினீங்க பாருங்க, ஆபீஸ்ல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானுந்தான்."

பழனியப்பனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பிழையைப் பிழை என்று ஒப்புக்கொள்கிற பிள்ளை. நம் ரத்தம்தான், சந்தேகமில்லை என்று நினைத்தான்.

"உங்கம்மாவுக்காக மாத்தி எழுதிடட்டுமா? நல்ல ஆட்டக்காரன்னு ஒரே வரி."

சுரேந்திரன் முகம் மாறியது. "ஐயோ, அது மட்டும் வேணாம் மாமா. நீங்க நல்லா எழுதினா அப்துல் பாரி என்னைத்தான் முதல்ல எடுப்பாரு."

"எடுக்கட்டுமே."

"எஞ்சின்ஸ் பயிற்சி மிங்கலாவுல. தாகேதா குழுவோட பயிற்சி எங்க தெரியுமா? ராதா வீட்டுத் தெருவுக்குப் பின்னாடி. அவங்களுக்குத்தான் ரெண்டாவது தேர்வு. கல்யாணம் வரைக்கும் பொண்ணப் பாக்கக் கூடாதுன்னு அம்மா கண்டிஷன் போட்டிருக்காங்க. பயிற்சிக்குப் போறத யாரு தடுக்க முடியும்?"

"அடப்பாவி."

"பாக்கறது மட்டுந்தான் மாமா. கல்யாணத்துக்கப்பறமும் நாங்க தாகேதாவுலதான் வீடு பாத்திருக்கோம். அம்மாகிட்ட இன்னும் சொல்லல."

"அதையும் நான்தான் சொல்லணுமா?"

"இல்ல இல்ல. அதுக்குச் சின்னத் தாத்தா இருக்காரு."

சின்னத் தாத்தா என்பது நான்தான். பழனியப்பன் இந்த வரியைச் சொன்னபோது பேனாவை மூடிவைத்துவிட்டேன்.

6.

முடிவுகளை முயன்று பார்த்தேன்.

முதல் முடிவு. கூடத்தில் அப்துல் பாரி கேட்கிறார். பழனியப்பன் எழுந்து, "நான் எழுதினது தப்பு. நல்ல கேட்சர்" என்கிறான். எஞ்சின்ஸ் எடுத்துக்கொள்கிறது. அம்சவேணி டீ போடுகிறாள், ஏலக்காயும் சேர்த்து. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் தலைப்பாகை கட்டுகிறான். தலைப்பாகைக்குக் கீழே மாப்பிள்ளையின் முகம்... [இந்த முகத்தை என்னால் எழுத முடியவில்லை.]

இரண்டாம் முடிவு. பழனியப்பன் எழுந்து, "என் கருத்துல மாத்தமில்ல" என்கிறான். தாகேதா குழு மருமகனை அள்ளிக்கொண்டு போகிறது. சுரேந்திரன் தினமும் பயிற்சிக்குப் போகிறான், ஆட்டக்காரர்களே வராத நாளிலும். கல்யாணத்தன்று அய்யாசாமி தலைப்பாகையைக் கட்டுகிறார். அது தாலி கட்டும்போது அவிழ்ந்து... [போதும். எங்கள் குடும்பக் கல்யாணத்தில் எதுவும் அவிழாது.]

மூன்றாவதை நான் பெருமையோடு எழுதினேன். பழனியப்பன் கைகட்டி நின்று, "அவன் என் மருமகன். அதனால நான் எதுவும் சொல்றதுக்கில்ல" என்கிறான். கண்ணியம். இரண்டு பக்கமும் தலை நிமிரலாம். எதற்கும் இருக்கட்டும் என்று, டீக்கடையில் அப்துல் பாரியைப் பார்த்தபோது பொதுவாகக் கேட்டு வைத்தேன்.

"பாரி பாய், ஒரு ஆளப் பத்தி பழனி ஒண்ணுமே சொல்லாம இருந்தா?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். என்னை அவர் பர்மிய வழக்கப்படி சயா, அதாவது ஐயா என்பார். "ஊ பழனி வாய மூடிக்கிட்டு இருந்தாரா? அவருக்கே குறை சொல்ல எதுவும் கிடைக்கலைன்னா, அவன் தங்கம், சயா. கண்ண மூடிக்கிட்டு எடுத்துருவேன்."

ஆக, மௌனமும் போயிற்று.

7.

இதை எழுதுவது சனிக்கிழமை பிற்பகல். தேர்வு நாளைக் காலை. கதை நிகழ்ச்சியைத் தாண்டி ஓட முடியாது. நாளை பழனியப்பன் என்ன சொல்கிறானோ அதை எழுதி முடித்துவிடலாம் என்று பேனாவை வைத்தேன். அப்போது அவனே உள்ளே வந்தான்.

"கதை முடிஞ்சுதா சித்தப்பா?"

"இல்ல."

"எப்படி முடிக்கப் போறீங்க?"

"நாளைக்கு நீ சொல்றபடி."

அவன் மேசை மேலிருந்த தாள்களைப் பார்த்தான். கழுத்தைத் தடவிக்கொண்டான்.

"நான் வேற மாதிரில்ல நெனச்சு வந்தேன். நீங்க எப்படி முடிச்சிருக்கீங்களோ, அதையே போய்ச் சொல்லிடலாம்னு."

"என்னடா இது?"

"அம்சவேணி கேட்டா, சித்தப்பா சொன்னாருன்னு சொல்லிருவேன். சுரேந்திரன் கேட்டாலும் அதான்."

"ரெண்டுல ஒருத்தர் என் வீட்டுப் படிய மிதிக்க மாட்டாங்க."

"நீங்க பெரியவரு சித்தப்பா. தாங்கிக்குவீங்க."

ஐம்பது வருஷமாக இந்தக் குடும்பத்தில் எந்தப் பிளவும் வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டவன் நான். முதல் முடிவை எழுதினால் ஒரு பேரனை இழப்பேன். இரண்டாவதை எழுதினால் ஒரு மகளை. அதனால் எழுதப்போவதில்லை. நீங்கள் வெளியாட்கள். உங்கள் மேல் இவர்கள் யாரும் மனத்தாங்கல் கொள்ள முடியாது. உங்களுக்கு இந்தக் கல்யாணத்தில் முதல் வரிசை நாற்காலியும் தேவையில்லை.

பழனியப்பனிடம் அப்படியே சொன்னேன். "படிக்கிறவங்களக் கேட்டுச் சொல்றேன்."

அவன் யோசித்தான். "அவங்களுக்கு பேஸ்பால் தெரியுமா?"

"பெரும்பாலும் தெரியாது."

"நம்ம வீட்டு ஆளுங்களத் தெரியுமா?"

"இப்பத்தான் தெரியும்."

"அப்ப சரி, நியாயமாச் சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டு, மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். பதில் வந்தால்தான் எழுந்திருப்பானாம்.