வடக்கே புதன், தெற்கே வெள்ளி

சான் மாக்ஸிமோவில் நெனிதாவும் அவள் கணவன் அபுண்டியோவும் எட்டு வருடம் வியாழக்கிழமை இல்லாமல் வாழ்ந்தார்கள். புதன்கிழமை இரவு படுத்தால் வெள்ளிக்கிழமை விடியலில் எழுந்தார்கள். நடுவில் இருந்த நாளை முப்பதாயிரம் பெசோவுக்கு அடகு வைத்திருந்தார்கள். அடகு வைத்த வருடம் அரிசி கிலோ பதினாறு பெசோ.

கடன் வந்த வழியில் புதிதாக ஒன்றுமில்லை. அபுண்டியோ சைடுகார் வண்டி ஓட்டினான். சவுதிக்கு டிரைவராகப் போகலாம் என்று இலோய்லோ நகரத்தில் ஓர் ஏஜென்சிக்குப் பணம் கட்டினான். விசா வாங்கப் போன அன்று அந்த அலுவலகத்தில் ஒரு நாற்காலியும் ஒரு காலண்டரும் மட்டும் இருந்தன. நாற்காலியை அவனுக்கு முன்பே வந்த ஒருவன் எடுத்துக்கொண்டதால் இவன் காலண்டரோடு திரும்பினான். கட்டிய பணம் நான்கு இடத்தில் வாங்கியது. தினமும் மோட்டார் சைக்கிளில் வந்து ஐந்துக்கு ஆறாக வசூலிப்பவன், கூட்டுறவுச் சங்கம், மூலைக் கடை, அபுண்டியோவின் ஒன்றுவிட்ட அண்ணன். எங்கள் பக்கம் யார் சம்பாதித்தாலும் காசுப் பை வீட்டுக்காரியிடம்தான் இருக்கும். எனவே நான்கு பேருக்கும் பதில் சொல்வது நெனிதாவின் வேலையானது. ஒருவனுக்குக் கொடுக்க இன்னொருவனிடம் வாங்கி, அவனுக்குக் கொடுக்க மூன்றாமவனிடம் வாங்கி ஒரு வருடம் ஓட்டிய பிறகு, நான்கையும் ஒரே கடனாக்கிவிட வேண்டும், அதற்கு வட்டியும் இருக்கக் கூடாது என்று முடிவு செய்தாள்.

வட்டி இல்லாத கடன் எங்கள் பக்கம் ஒன்றுதான் உண்டு, பிரெண்டா. நிலத்தைக் கொடுத்துப் பணம் வாங்குவது. பணம் கொடுத்தவர் நிலத்தில் பயிர் செய்து விளைச்சலை எடுத்துக்கொள்வார், அதுதான் அவருக்கு வட்டி. அசலை ஒரே தடவையில், ஒரு பெசோ குறையாமல் வைத்தால்தான் நிலம் திரும்பும். துண்டு துண்டாகக் கட்ட முடியாது. அதனால் எங்கள் ஊரில் தாத்தா வைத்த பிரெண்டாவைப் பேரன் மீட்கிற குடும்பங்கள் நிறைய. அப்படிப் பதினான்கு வயல்களைப் பிடித்து வைத்திருந்தவள் ஒலிம்பியா. ஐம்பத்தைந்து வயது. கணவன் இறந்துவிட்டான், பிள்ளை இல்லை.

“நிலம் இல்ல. வண்டிப் பேப்பரும் சங்கத்துல கெடக்கு. எத நம்பி வந்தே?” என்று ஒலிம்பியா கேட்டாள்.

“உங்கள நம்பித்தான் மனாங்.” மூத்த பெண்களை நாங்கள் மனாங் என்றுதான் கூப்பிடுவோம்.

“என்னை நானே நம்பறதில்ல. வேற என்ன இருக்கு உங்கிட்ட?”

“நாள்தான் இருக்கு. ஒவ்வொண்ணும் போவேனாங்குது.”

“சரி, அதுல ஒண்ணு குடு.”

எந்த நாள் என்பதில்தான் பேரம் நீண்டது. ஒலிம்பியா சனிக்கிழமை கேட்டாள். அது சந்தை நாள், வண்டிக்கு இரண்டு பங்கு சவாரி கிடைக்கும், முடியாது என்றாள் நெனிதா. ஞாயிறு காலை கடவுளுக்கும் மதியம் சேவல் சண்டைக்கும் உரியது. புதன் மாதா கோவில் நவநாள். திங்கட்கிழமையை விட்டால் வாரம் எங்கே தொடங்குவது என்று தெரியாது. கடைசியில், யாரும் பெரிதாகக் கொண்டாடாத வியாழனில் வந்து நின்றார்கள். நோட்டரி அலுவலகத்து எழுத்தரிடம் பிரெண்டாவுக்கென்று அச்சடித்த படிவம் ஒன்றுதான் இருந்தது. அதில் நிலம் என்ற சொல்லை அடித்துவிட்டு வியாழக்கிழமை என்று தட்டச்சு செய்தார். எல்லை எழுதும் இடத்தில் வடக்கே புதன், தெற்கே வெள்ளி என்று போட்டார். கணவன் மனைவி இருவரும் கையெழுத்து வைத்தார்கள். நான்கு கடன்களும் ஒரே மதியத்தில் தீர்ந்தன.

அதற்கடுத்த வியாழக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். பாய் விரித்திருந்தது, கொசுவலை கட்டியிருந்தது, உள்ளே யாரும் இல்லை. கதவு உட்பக்கம் தாழ் போட்டிருந்தது. நாய் வாசலில் படுத்திருந்தது. நாய் பத்திரத்தில் இல்லை. அன்றே ஒலிம்பியாவை மூன்று இடங்களில் பார்த்தவர்கள் உண்டு. ஓர் ஒலிம்பியா வயல்களைச் சுற்றி வந்தாள். ஓர் ஒலிம்பியா சீட்டாடிக்கொண்டிருந்தாள். மூன்றாமவளுக்கு வேலை ஒன்றுமில்லாததால் தெருவில் நடந்துகொண்டிருந்தாள். ஒரு மாதம் பேசினோம், பிறகு மழைக்காலம் தொடங்கிவிட்டது.

வியாழன் இல்லாததால் அபுண்டியோவுக்கு வாரத்தில் நூறு பெசோ சவாரி போனது. நெனிதா அதை மட்டும் பார்க்கவில்லை. புதன்கிழமை சாயங்காலம் மறுநாளைக்கான அரிசியை அளப்பாள். கருவாட்டை எண்ணி வைப்பாள். மண்ணெண்ணெய்க்குக் கணக்குப் போடுவாள். மொத்தம் எவ்வளவோ அதை மூங்கில் குழாய் உண்டியலில் போட்டுவிட்டு அரிசியைத் திரும்பப் பானையில் கொட்டுவாள்.

“சாப்பிடாத சோத்துக்குக் காசு போடறியே, உனக்குக் கிறுக்கா?” என்பான் அபுண்டியோ.

“சாப்பிட்டிருந்தா செலவாயிருக்கும்ல? அந்தக் காசுதான் இது. நீ போய்ப் படு, வெள்ளிக்கிழமை பேசிக்கலாம்.”

இப்படி வாரம் நாற்பது பெசோ சேர்ந்தது. அடகு வைத்த நாளே தன்னை மீட்கப் பணம் சேர்க்கிறது என்று சொல்லிக்கொண்டாள். இந்த வேகத்தில் பதினான்கு வருடம் ஆகும். அவளுக்கு அவசரமில்லை. நாற்பது வயதாகும்போது மற்றவர்களைவிட இரண்டு வயது குறைவாக இருப்போம் என்று ஒரு கணக்கும் வைத்திருந்தாள்.

மூன்றாம் வருடம் ரொவேனா பிறந்தாள். ஒரு சனிக்கிழமை. முதல் புதன் இரவு குழந்தையை இருவருக்கும் நடுவில் போட்டுக்கொண்டு படுத்தார்கள். அவள் பத்திரத்தில் இல்லை என்பது இருவருக்கும் தோன்றவில்லை. வியாழன் காலை அந்த வீட்டிலிருந்து அழுகை கேட்டது. கதவைத் தட்டினார்கள், திறக்க உள்ளே ஆள் இல்லை. அந்த நேரத்தில் மூன்றாம் ஒலிம்பியா தெருவில் வந்தாள். தாழ்ப்பாளை அரிவாளால் நெம்பி, ஈரப் பாயில் தனியாகக் கிடந்த ஐந்து நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். வெள்ளி விடியலில் நெனிதா வெறும் பாயைப் பார்த்துவிட்டுத் தெருவெல்லாம் கத்திக்கொண்டு ஓடி, ஒலிம்பியாவின் வீட்டில் போய் நின்றாள். குழந்தை பால் குடித்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

“இவளையும் பத்திரத்துல சேத்துக்குங்க மனாங். எங்களோட வந்துடட்டும்.”

“எனக்கு ஏற்கெனவே மூணு வியாழன். முடிக்க முடியாம கெடக்கேன். நாலாவது வேறயா?”

“அப்ப எங்க நாளக் குடுங்க.”

“முப்பதாயிரத்த வை.”

எழுத்தரும் ஐந்து நாள் குழந்தை கையெழுத்துப் போடச் சட்டத்தில் இடமில்லை என்றுவிட்டார். பால் டப்பாவுக்கு எவ்வளவு என்று நெனிதா கேட்டபோது, “நிலத்துல தானா மொளச்ச களைக்கு நான் காசு வாங்கறதில்ல” என்றாள் ஒலிம்பியா. அன்றிலிருந்து புதன் சாயங்காலம் குழந்தையை அங்கே விடுவதும் வெள்ளி காலை எடுத்து வருவதும் வழக்கமானது.

நெனிதாவுக்கு அவசரம் வந்தது அப்போதுதான். குழந்தை குப்புற விழுந்தது ஒரு வியாழன். முதல் பல் வெட்டியது ஒரு வியாழன். நடந்ததும் வியாழன்தான். ஒவ்வொன்றையும் வெள்ளிக்கிழமை காலை ஒலிம்பியா வாசலில் நின்று செய்தி போலச் சொன்னாள், நெனிதா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அன்றைய செலவில் எதைக் குறைக்கலாம் என்று பார்த்தாள். மீன் நின்றது, கருவாடு வந்தது. கருவாடு நின்றது, உப்பில் ஊறிய மீன் விழுது வந்தது. அபுண்டியோவின் சேவலை விற்றாள். அவன் மூன்று நாள் பேசவில்லை. அதில் ஒன்று வியாழன் என்பதால் அவள் இரண்டாகத்தான் எண்ணினாள். மூன்று வீட்டுத் துணி துவைத்தாள். தென்னங்குருத்தில் சுற்றிய ஒட்டரிசிப் பலகாரம் செய்து பேருந்து நிற்கும் இடத்தில் விற்றாள். ஐந்தாம் வருடம் புயல் கூரையைத் தூக்கிப் போனபோது மூங்கில் குழாயைப் பிளந்து பன்னிரண்டாயிரத்தை எடுத்துத் தகரம் வாங்கினாள். மறுநாள் புதுக் குழாய் வெட்டினாள்.

எட்டாம் வருடம் ஒரு திங்கட்கிழமை முப்பதாயிரத்தையும் அரிசிச் சாக்கில் கட்டி எடுத்துப் போனாள். பாதி சில்லறை. ஒலிம்பியா மதியம் வரை எண்ணினாள். பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்து, சாக்கையும் மடித்துக் கொடுத்தாள். அந்த வார வியாழக்கிழமை நெனிதாவும் அபுண்டியோவும் ஐந்தரை மணிக்கு எழுந்தார்கள். வெளிச்சம் மற்ற நாள் வெளிச்சம் போலத்தான் இருந்தது. வியாழன் மட்டும் அந்தத் தெருவுக்கு வரும் தயிர்க்காரனை அவர்கள் பார்த்ததே இல்லை. அவன், “புதுசா குடி வந்திருக்கீங்களா?” என்று விசாரித்தான். ரொவேனா கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தாள். பிறந்த வாரத்துக்குப் பிறகு முதல் முறையாகப் புதன் இரவு அவளை வீட்டில் படுக்க வைத்திருந்தார்கள். ஐந்து வயதுப் பெண்.

“அம்மா, இன்னிக்கி வியாழன். நீ ஏன் இருக்கே?”

“இனிமே இருப்பேன்.”

ரொவேனா செருப்பை மாட்டிக்கொண்டு ஒலிம்பியா வீட்டுக்குக் கிளம்பினாள். நெனிதா கையைப் பிடித்து இழுத்தாள். குழந்தை அழவில்லை, அடம் பிடிக்கவும் இல்லை. தவறான வீட்டுக்கு வந்தவர் நிற்பது போல வாசலிலேயே நின்றாள். எட்டு மணிக்கு ஒலிம்பியா வந்தாள். இப்போது ஒரே ஓர் ஒலிம்பியாதான்.

“நாள் உன்னோடது, மறுக்கல. ஆனா நிலத்த மீட்டா, நிக்கற பயிர் போட்டவங்களுக்குத்தான். அறுக்கற வரைக்கும் என்னோடது. ஊர் வழக்கம்.”

வழக்கம் அதுதான். அதை ஊரில் யாரும் மறுக்க மாட்டார்கள். எனவே இருவரும் கிராமத் தலைவரிடம் போனார்கள். எங்கள் ஊரில் அவரைக் கேப்டன் என்போம். அப்போது கேப்டனாக இருந்தவர் தெலெஸ்போரோ, நாற்பது வருடம் நெல் விளைவித்தவர்.

“இவங்கதான் களைன்னு சொன்னாங்க கேப்டன். இப்ப எப்படிப் பயிராச்சு?” என்றாள் நெனிதா.

“அஞ்சு வருஷம் தண்ணி ஊத்தினா களையும் பயிர்தான்” என்றாள் ஒலிம்பியா.

“வெத என்னோடது!”

“வெத யாருதுன்னு வழக்கம் கேக்கறதில்லடி. நாத்து காயாம பாத்துக்கிட்டது யாருன்னுதான் கேக்கும். மொத நாள் கதவ யாரு நெம்பினா, சொல்லு.”

அபுண்டியோ தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தான். கேப்டன் குழந்தையைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொன்னார். மாட்டுக்குப் பார்ப்பது போல விரலால் தடவிப் பார்த்தார். நெல் முற்றினால் மணி தானாக உதிரும், பிள்ளைக்கு உதிர்வது பால்பல், ஆகவே கடைசிப் பால்பல் விழும்போது அறுவடை முடிந்ததாகக் கொள்ள வேண்டும் என்றார். அதுவரை வியாழன் இருவருக்கும் பாதிப் பாதி. வியாழன் காலை பெற்றவளுக்கு, மதியச் சோற்றிலிருந்து இருட்டும் வரை ஒலிம்பியாவுக்கு. இருவருக்கும் பிடிக்கவில்லை. அதனால் தீர்ப்பு சரியாகத்தான் இருக்க வேண்டும் என்று கேப்டன் நினைத்துக்கொண்டார்.

அந்த வாரமே நெனிதா கரும்பு வாங்கத் தொடங்கினாள். சனிக்கிழமைச் சந்தையில் இருப்பதிலேயே கடினமான கணுக்களாகப் பார்த்து வாங்கி, வாரத்தின் ஆறரை நாளும் மகளுக்குக் கடிக்கக் கொடுத்தாள். சுட்ட சோளமும் கொடுத்தாள். ஒலிம்பியா தன் அரை நாளில் குழைந்த கஞ்சி, அவித்த வாழைப்பழம், இஞ்சி போட்ட கோழிச் சாறு தவிர ஒன்றும் கொடுக்கவில்லை. விழும் ஒவ்வொரு பல்லையும் ரொவேனா இரண்டு வீட்டிலும் காட்டிவிட்டுக் கூரையில் எறிந்தாள். பத்து வயதில் ஆறு பாக்கி. பன்னிரண்டு வயதில் ஒன்று, மேல் வரிசையில் இடது கோரைப்பல். அது ஆடியது. நாக்கால் தள்ளினால் முன்னும் பின்னும் போய் வந்தது. அந்த வருடம் ஒலிம்பியாவுக்கு முட்டி போய்விட்டது. நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வியாழன் பதினொன்றரையிலிருந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வெற்றுப் பாட்டில் வாங்குகிறவன் அந்த வழியாகப் போனால் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து அவனைத் தாண்டிப் பார்ப்பாள். ரொவேனாவின் சட்டைப் பித்தானைத் தைத்துவிட்டு அவளோடு அந்த வாசல்வரை வந்த நெனிதா, ஒலிம்பியா இப்படித் தெருவைப் பார்த்திருப்பதை இரண்டு வியாழன் பார்த்தாள்.

ரொவேனாவுக்கு இப்போது இருபத்து நான்கு. நகராட்சியில் சொத்துவரிப் பிரிவில் வேலை. வியாழன் மதியம் அவளுக்கு அரை நாள் விடுப்பு போட்டுவிடுகிறார்கள், யாரும் காரணம் கேட்பதில்லை. அந்தப் பல் இன்னும் விழவில்லை, இன்னும் ஆடுகிறது. பிடுங்கிவிடலாம் என்று சொன்ன பல் டாக்டர் வேற்றூர்க்காரர். ஒலிம்பியா கட்டிலில்தான் இருக்கிறாள். எண்பதைத் தாண்டிவிட்டது, எட்டு வருடம் வாரத்துக்கு ஒன்பது நாள் வாழ்ந்ததையும் சேர்த்தால் அதற்கு மேலும் இரண்டு. மதியக் கஞ்சியை ரொவேனாதான் ஊட்டுகிறாள்.

நெனிதா கரும்பு வாங்குவதை நிறுத்தியது மகளுக்குப் பன்னிரண்டு வயதான அந்த வருடம். அபுண்டியோ கேட்டதற்கு, விலை ஏறிவிட்டது என்றாள். அந்த வருடம் எங்கள் பக்கம் கரும்பு வாங்க ஆளில்லாமல் வயலிலேயே காய்ந்தது. சந்தையில் ஒரு கட்டு மூன்று பெசோ.