நாலரை அடி உயரத்தில்

தையற்கடை வாசலில் நின்ற வாகைமரத்தில் மாநகராட்சி ஆள் சிவப்பாகப் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனான். நாளைக் காலை வெட்டு. பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர், மரம் தன் பெயர்ப்பலகையை மறைக்கிறது என்று மனுக் கொடுத்திருந்தார். அந்த நிழல் போய்விட்டால், தகரக் கூரைக்கடியில் மதியத்துக்கு மேல் தையற்காரியால் மெஷினில் உட்கார முடியாது.

மரம் வெட்டும் விதி அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். பொது இடமோ சொந்த இடமோ, தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் சுற்றளவு நாற்பது அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால், விசாரணை வைக்காமல் மரத்தை வெட்டக்கூடாது. மாநகராட்சி ஆள் மரத்தில் ஒட்டிவிட்டுப் போயிருந்த தாளில் முப்பத்தெட்டரை என்றிருந்தது. இஞ்சு டேப்பை எடுத்துச் சுற்றினாள். முப்பத்தெட்டரையேதான்.

"அளவு சரியாத்தானே இருக்கு, அண்ணி. விடுங்க" என்றாள் நாத்தனார்.

"அளவு சரி. எங்கேருந்து அளந்தாங்க? இடுப்பை நெஞ்சுகிட்ட பிடிச்சு அளந்தா எந்தத் தொந்திக்காரனும் ஒல்லிதான்."

போன வருடம் நடைபாதையை உயர்த்தியபோது மரத்தின் காலையும் சேர்த்து ஓரடி மூடியிருந்தார்கள். தையற்காரி உளியும் சுத்தியலும் இரவல் வாங்கிவந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நடைபாதையை உடைக்கிறது குற்றம், தெரியுமாம்மா?" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

"தெரியும். தூசி பறக்கும், கண்ணாடியை மூடி வைங்க."

முதலில் சிமெண்ட், அப்புறம் கல், அப்புறம் மண். பொழுது சாய்வதற்குள் வேர் தெரிந்தது. நாத்தனாரும் முணுமுணுத்துக்கொண்டே கல் பொறுக்கிப் போட்டாள்.

காலையில் ரம்பக்காரர்களோடு வந்த மர அதிகாரி குழியைப் பார்த்து நின்றார்.

"நடைபாதைதாம்மா தரை."

"அது நீங்க போட்டது, சார். மரம் முளைச்ச தரை கீழ இருக்கு. இறங்கி அளங்க."

ரம்பக்காரர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அவர் பேண்டை மடித்துவிட்டு இறங்கினார். நாற்பதே முக்கால். மறுபடி சுற்றினார். நாற்பதே முக்கால்.

"வெட்டு இன்னிக்கு இல்ல. விசாரணைக்குத்தான் போகும்" என்றவர், பையிலிருந்து நோட்டீஸ் புத்தகத்தை எடுத்தார். "ஆனா நடைபாதையைச் சேதப்படுத்தினதுக்கு உங்க மேல நோட்டீஸ் உண்டு."

"குடுங்க, சார். குழி எவ்வளவு ஆழம்னு மட்டும் மறக்காம எழுதுங்க."

அவர் டேப்பை விட்டுப் பார்த்து, 'ஓரடி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகுதான் அவர் முகம் மாறியது. அதற்குள் அவள் தாளைக் கிழித்து வாங்கி நாலாக மடித்துவிட்டாள்.

"தரை ஓரடி கீழன்னு நீங்களே எழுதிட்டீங்க, சார். விசாரணைக்கு இதுதான் என் சாட்சி" என்று சொல்லிவிட்டு, மெஷினை இழுத்து நிழலில் போட்டாள்.