சப்பாத்தோடு வந்தவர்

கதவைத் திறந்தபோது வெளியே ஒரு பெண், சிவப்புக் குதியுயர்ந்த சப்பாத்தில் நின்றுகொண்டு, "ஷாவி, ஷாவி" என்று நெஞ்சில் கை வைத்து அரற்றிக்கொண்டிருந்தார். இடுப்பில் உடுப்புக் கூடை. வயது எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும், ஆனால் நின்ற நிலை ராச்சியத்தைப் பறிகொடுத்துவிட்டு எங்கள் வாசலில் வந்து நிற்கிற மகாராணியின் நிலை. ஸ்காபரோவின் வோபர்னில், மார்க்கம் றோட்டுக்குப் பக்கத்தில், லிப்ட் இரண்டில் ஒன்று எப்போதும் பழுதாகிக் கிடக்கிற ஒரு கட்டடத்தின் ஒன்பதாம் மாடிக்கு அப்படி ஒரு மகாராணி வந்தால் யாருக்கும் மரியாதை வரும். மடித்துக் கட்டியிருந்த சாரத்தை நான் இறக்கிவிட்டேன். ராச்சியத்துக்கு ஒன்றுமில்லை, கீழே உடுப்புத் தோய்க்கப் போன இடத்தில் வீட்டுத் திறப்பைத்தான் தொலைத்துவிட்டார் என்பது சற்றுப் பிறகுதான் விளங்கியது.

"சாவியோ அக்கா? சாவியைத் துலைச்சுப்போட்டியளோ?"

"ஷாவி, ஷாவி" என்று தலையாட்டினார்.

முகத்தைப் பார்த்தேன். எங்கள் நிறம். கழுத்தில் சின்னச் சிலுவை. சரி, நீர்கொழும்புப் பக்கத்து வேதக்காரர், அந்தப் பக்கம் சாவியைக் கொஞ்சம் சளி பிடித்த மாதிரிச் சொல்வார்களாக்கும் என்று முடிவுகட்டினேன். உள்ளே வந்து கதிரையில் இருக்கச் சொன்னேன். "கதேய்ரா" என்று சொல்லியபடி அதில் இருந்தார். கூடையை மேசையில் வையுங்கோ என்றேன். "மேசா" என்று வைத்தார். ஜன்னல் பக்கம் குளிரும், இஞ்சால வாங்கோ என்றேன். "ஜனேலா" என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே எழுந்து வந்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "நீர்கொழும்பில எந்தக் கோயிலுக்குப் பக்கம் அக்கா?" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஆங்கிலத்தில், தான் பிரேஸில் என்றார்.

போர்த்துக்கீசர் யாழ்ப்பாணத்தை விட்டு ஓடும்போது எங்களுக்கு ஒரு கோட்டையை விட்டுவிட்டுப் போனார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். ஒல்லாந்தர் துரத்திய அவசரத்தில் கதிரை, மேசை, அலுமாரி, குசினி, துவாய், லேஞ்சி, பாண் என்று ஒரு வீட்டுச் சாமான் முழுவதையும் அப்படியே போட்டுவிட்டு ஓடியதை ஒரு வாத்தியாரும் சொல்லித்தரவில்லை. அதே போர்த்துக்கீசர்தான் அதே சொற்களோடு பிரேஸிலுக்கும் போயிருக்கிறார்கள்.

இந்த ஆராய்ச்சியில் நான் மிதந்துகொண்டிருந்தபோது சோபாவில் இருந்த என் மனைவி புனிதவதி வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிவப்புச் சப்பாத்து இரண்டும் எங்கள் வீட்டுக் கார்ப்பெட்டின்மேல் நின்றன.

புனிதத்தைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். அவளுடைய வாய்க்கு நிகரான வாய் ஸ்காபரோவில் அன்றும் இருந்ததில்லை, இன்றும் இல்லை. பிறம்ரனில் வெயார்ஹவுஸ் வேலை முடித்து, பூட்ஸைக் கழற்ற மறந்து நான் உள்ளே காலை வைத்தால், "இஞ்சேருங்கோ, சப்பாத்தோட குசினிக்குள்ள வாறியளே, உங்களுக்கு அறிவெண்ட சாமானை ஆண்டவன் தரேல்லையே?" என்று தொடங்குவாள். அந்தச் சத்தத்தில் மைல்கணக்கில் தள்ளி ரூஜில் இருக்கிறவர்களும் தங்கள் சப்பாத்தைக் கழற்றி வைத்திருப்பார்கள். போன இலையுதிர்காலத்தில் அவளுக்கு ஸ்ரோக் வந்தது. கை வழமைக்குத் திரும்பியது, காலும் திரும்பியது. சொற்கள்தான் இடம் மாறிப்போயின. தேத்தண்ணி கேட்க வாயெடுத்தால் தலகாணி என்று வந்தது. என்னைக் கூப்பிட நினைத்தவள் கத்தரிக்காய் என்றாள். எனக்கு அந்தப் பேர் பொருத்தமாகத்தான் பட்டது, சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பிள்ளை நல்ல பிள்ளை. சொல் எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது, அவசரப்படுத்தாதீர்கள் என்றது. ஆனால் கெட்டிக்காரிகளுக்கு வெட்கம் அதிகம். பிழையாக ஒன்றைச் சொல்வதைவிடச் சொல்லாமலே இருக்கலாம் என்று புனிதம் வாயை மூடிக்கொண்டாள். வீட்டில் கதைக்கிற பொறுப்பு முழுவதும் என் தலையில் விழுந்தது. அதை நான் பாரமாக நினைத்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆனால் ஒரு மனுசன் தன்னைத் திட்ட ஆளில்லாமல் ஒரு வீட்டில் இருப்பது எவ்வளவு பெரிய வனவாசம் என்பது திட்டு வாங்கிப் பழகியவனுக்குத்தான் தெரியும்.

அன்றைக்குப் புனிதம் விரலை நீட்டினாள். வாய் கோணிக்கோணி எதையோ தேடியது. நான் உடனே, "அக்கா, அவ என்ன சொல்லுறா எண்டால்..." என்று தொடங்கினேன். அந்தப் பெண் என் பக்கம் திரும்பாமலே உள்ளங்கையை உயர்த்தினார். சிவப்பு விளக்குக்கு நிற்கிற பஸ் மாதிரி நான் நின்றேன். பிறகு அவர் ஒன்றும் செய்யவில்லை. புனிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், உலகத்தில் தனக்கு வேறு சோலியே இல்லை என்பதுபோல.

"சப்..." என்றாள் புனிதம். "சப்பாத்து."

"சபாத்து?" அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். "ஆ, சபாத்து." ஒன்றைக் கழற்றி, பரிசுக் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டுவதுபோலப் புனிதத்துக்குக் காட்டினார். இரண்டு மூன்று மாதத்துக்குப் பிறகு என் வீட்டில் ஒரு சொல், வெளிக்கிட்ட இடத்திலிருந்து சேரவேண்டிய இடத்துக்குப் பிழைபடாமல் போய்ச் சேர்ந்தது. நான் கார்ப்பெட்டில் ஒரு சுற்று ஆடினேன். கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் கூரையில் இடித்தார்.

அவர் பேர் சுல்மீரா. பக்கத்து வீட்டுக்கு மகளோடு புதிதாகக் குடிவந்தவர். மகள் ஆஸ்பத்திரியில் வேலை, பகலில் வீட்டில் இல்லை. ஆகவே சுல்மீரா அக்கா நாள்தோறும் எங்களிடம் வந்தார். நாள்தோறும் சப்பாத்தோடு வந்தார். மறதி என்று முதலில் நினைத்தேன், அது நடிப்பு என்று பிறகு விளங்கியது. புனிதம் "சப்பாத்து" என்று சொல்லும்வரை வாசலில் நிற்பார், சொன்னதும் திடுக்கிட்டுப்போய்க் கழற்றுவார். ஒருநாளும் ஒரே மாதிரித் திடுக்கிட்டதில்லை. புனிதம் என்ற பேர் அவர் வாயில் பொனீற்றா ஆனது. அவர்களுடைய பாஷையில் அதற்கு வடிவானவள் என்று அர்த்தமாம். புனிதம் வடிவு என்று கலியாணத்தன்று நான் ஒருக்கால் சொன்னது, அதோடு சரி. அந்தக் கடன் முழுவதையும் அக்கா கட்டித் தீர்த்தார்.

அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே வகுப்பில் பெயில் விட்டவை. அதனால் அவர் தன் சரித்திரத்தை எங்களுக்கு நடித்தே காட்டினார். மினாஸ் ஜெராய்ஸ் என்ற மாநிலத்தில் ஊர் ஊராகப் போகிற ஒரு சேர்க்கஸ் கூடாரத்தில் பிறந்தவர். அங்கே முதல் பாதி சிங்கம், இரண்டாம் பாதி நாடகமாம். கைக்குழந்தையாக அவர் செத்த பிள்ளை வேடத்தில் மேடையேறி, நடுவில் தும்மிவிட்டார். சனம் அற்புதம் என்று முழங்காலில் நின்றது. பிறகு ரேடியோ, பிறகு சாவோ பாவ்லோவில் மேடை, பிறகு ரி.வி. நாடகங்கள். கறுப்பி என்பதால் ரி.வி.யில் அவருக்கு எப்போதும் குசினி வேடம்தான். நாற்பது வருசம் பணக்கார வீடுகளில் சமைத்தேன், ஒருநாளும் அடுப்பு எரிந்ததில்லை என்று கையை விரித்தார். ஒரு நாடகத்தில் எசமானுக்கு நஞ்சு வைத்த சமையல்காரியாக நடித்தாராம். அந்த வருசம் முழுக்கச் சந்தையில் அவருக்கு ஒருவரும் மீன் விற்கவில்லை, ஒரு மீன்காரி மட்டும் கொடுத்தாள், அதுவும் முகத்தில். அதை எங்கள் குசினியில் நின்று அவர் நடித்தபோது என் கையில் இருந்த பாண் துண்டுதான் மீன். நான்தான் மீன்காரி. புனிதம் தோள் குலுங்கச் சிரித்தாள். அறுபது வயதுக்குப் பிறகு ஒரு படத்தில் முக்கிய வேடம் கிடைத்து, விருதும் கிடைத்தது. வெண்கலத்தில் ஒரு சிலை. அதைத்தான் அவர் வீட்டில் கதவு அடிபடாமல் முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். ஐந்து கிலோ இருக்கும். நான் பத்து என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன்.

என்னை அவர் செஞோர் என்று மரியாதையாகக் கூப்பிட்டார், போந்து என்று திட்டினார். பழைய நாடகக் கொம்பனிகளில் மேடையின் முன்விளிம்பில் ஒரு குழி இருக்குமாம். அதற்குள் தலைமட்டும் தெரிய ஒருவன் இருந்து, நடிகர்கள் மறந்த வசனத்தை எடுத்துக் கொடுப்பான். அவன்தான் போந்து. அவர் கொம்பனியில் இருந்த போந்து இவர்கள் மறக்கமுன்னமே சத்தமாகச் சொல்லிவிடுவானாம். கடைசியில் சனம் கைதட்டியது அவனுக்கு. புனிதம் வாயைத் திறந்தால் நான் நிரப்பினேன், கண்ணைத் திருப்பினால் தண்ணி கொண்டுவந்தேன். குழிக்குள் இருக்கிறவன் நான்தான் என்று அவர் மேசையில் தட்டிச் சொன்னார். "வாயைத் திறக்கப்படாது, செஞோர்." அந்த ஒரு வசனத்தைத் தமிழில் சொல்ல என்னிடமே கேட்டுப் பாடமாக்கியிருந்தார்.

அதற்கு ஒரு கதையும் வைத்திருந்தார். ராணுவம் நாட்டை ஆண்ட காலம். ஒரு மேடை நாடகத்தில் அவருக்கு, வழக்கம்போலச் சமையல்காரி வேடத்தில், ஒரேயொரு வசனம். பானையை மேசையில் வைத்துவிட்டு, "இந்த வீட்டில் பசி எங்களுக்கு மட்டுமா?" என்று கேட்கவேண்டும். முதல் இரவு கேட்டார். அடுத்த நாள் அரசாங்கத்து ஆள் அதைச் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டு முன்வரிசையில் வந்து குந்திக்கொண்டான். சுல்மீரா மேடைக்கு வந்தார், பானையை வைத்தார், அந்த வசனத்துக்கு எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் பேசாமல் நின்றார், போனார். ஒவ்வொரு இரவும் அப்படியே. அந்த இடத்தில் ஏதோ இருந்தது என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒருநாள் பின்வரிசையில் இருந்து ஒரு கிழவி அந்த வசனத்தைச் சொன்னாள். அடுத்த நாள் மண்டபம் முழுக்கச் சொன்னது. சனத்தின் வாயை எந்தப் பேனையால் வெட்டுவது? அன்றைக்கே ராணுவ ஆட்சி கவிழ்ந்துவிட்டது என்றுதான் நான் இந்தக் கதையைப் பிறருக்குச் சொல்வது. அக்கா இல்லை இல்லை என்று தலையாட்டுவார், அது பிறகும் கனகாலம் இருந்ததாம்.

பனிக்காலம் முழுக்க இப்படிப் போனது. புனிதம் அவரிடம் கோப்பை கேட்டாள், துவாய் கேட்டாள், ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். எல்லாம் ஒற்றைச் சொல். எல்லாம் அவரிடம். அவர் போய்க் கதவு சாத்தப்பட்டதும் அவள் வாயும் சாத்திக்கொள்ளும். என்னிடம் ஒரு சொல் இல்லை. மகன் மிதுனன் பிறம்ரனில் இருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். நான் சொல்வதைக் கேட்டுவிட்டுத் தாயின் பக்கத்தில் இருந்து பார்ப்பான். அவள் அவன் கையைத் தடவுவாள், அவ்வளவுதான்.

"அப்பா, நீங்கள் எதையும் பத்து மடங்காக்கித்தான் சொல்லுவியள். I know you. அம்மா கதைக்கமாட்டா. அக்செப்ற் பண்ணுங்கோ."

"கதைச்சவடா. சப்பாத்து எண்டவ, துவாய் எண்டவ."

"உங்களோடயோ?"

பூச்சியத்தைப் பத்தால் பெருக்கிப் பார்த்துவிட்டு, அவனுக்குத் தேத்தண்ணி போட எழும்பினேன்.

பங்குனி மாதம் சுல்மீரா அக்காவுக்கு ஊரில் இருந்து அழைப்பு வந்தது. ஒரு படம். அவர் பிறந்த பக்கத்திலேயே பிடிக்கிறார்கள். என்ன வேடம் என்று கேட்டேன். எழுந்து எங்கள் சாப்பாட்டு மேசைக்குப் போனார். கதிரையை மெல்ல இழுத்தார். அதில் இருந்து, முதுகை நிமிர்த்தி, எனக்கு ஒரு விரலை அசைத்தார். விளங்காமல் நின்றேன். மறுபடி அசைத்தார். கோப்பி கொண்டுவரச் சொல்கிறார். வீட்டுக்காரி வேடம். நாற்பது வருசம் பக்கத்தில் நின்று பரிமாறிய மேசையில் இந்தமுறை இருந்து சாப்பிடுகிற வேடம். "கதேய்ரா" என்று கதிரையின் கைப்பிடியைத் தடவினார். நான் உண்மையாகவே கோப்பி போட்டுக் கொண்டுபோய்க் குனிந்து வைத்தேன். குடித்துவிட்டுச் சீனி காணாது என்றார், எசமானி மாதிரி.

போகிற அன்று அவர் முதன்முறையாகச் சப்பாத்தைத் தானாகவே வெளியே கழற்றிவிட்டு வந்தார். புனிதம் அதைக் கவனித்தாள். முகம் துடைக்கிற தன் லேஞ்சியை எடுத்து அவர் கையில் வைத்து மூடினாள். "லேன்சு" என்றார் அக்கா. "லேஞ்சி" என்றாள் இவள், பிழை திருத்துகிறவள் போல. நன்றி சொல்ல எங்கள் இரண்டு பாஷைக்கும் பொதுவாக ஒரு சொல் இருக்கவில்லை. எத்தனையோ சாமான்களை விட்டுப் போன போர்த்துக்கீசர் அதையும் விட்டுப் போயிருக்கலாம். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். லிப்ட் கதவு மூடமுன் அவர் என்னைப் பார்த்து வாயில் விரல் வைத்துக் காட்டினார்.

அவர் போன பிறகு புனிதம் கோப்பை வேண்டுமென்றால் தானே எழுந்துபோய் எடுத்தாள். நானும் பகிடி விடவில்லை. இப்படி ஒரு கிழமை. பிறகு இந்தச் சனிக்கிழமை, பனிக்காலம் முடிந்ததென்று எல்லோரும் நினைத்திருக்க, முழங்காலளவு பனி கொட்டியது. முழங்கால் இல்லை, கணுக்கால். பால் வாங்கிக்கொண்டு வந்து கதவைத் திறந்தேன். புனிதம் குசினியில் எனக்கு முதுகு காட்டி நின்று தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் குனிந்து பூட்ஸின் கயிற்றில் கை வைத்தேன். பிறகு கையை எடுத்தேன்.

கார்ப்பெட்டைக் கடந்து நடந்தேன். சதக், சதக் என்று போனேன். குசினி நடுவில் போய், பால் பையைப் பானைபோல மேசையில் வைத்துவிட்டு நின்றேன். அவள் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்தாள், பிறகு காலைப் பார்த்தாள். பூட்ஸில் இருந்து பனி உருகி, கறுப்புத் தண்ணியாக வழிந்து, வெள்ளை நிலத்தில் சின்னக் குளமாகப் பரவிக்கொண்டிருந்தது. அவள் வாய் திறந்தது, மூடியது. கழுத்து நரம்பு எழும்பியது. அவள் திட்டுகிற அந்த வசனம் எனக்கு நித்திரையிலும் பாடம். முதல் சொல் என் நாக்கு நுனியில் நின்று பல்லைத் தள்ளியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"இஞ்... இஞ்சேருங்கோ," என்றாள் புனிதம்.

கேத்தில் சீறத் தொடங்கியது. அவள் அதை நிற்பாட்டவில்லை, நானும் நிற்பாட்டவில்லை. மிச்சச் சொற்கள் எங்கேயோ எழும்பி, ஒவ்வொன்றாக வந்துகொண்டிருப்பது அவள் கண்ணில் தெரிந்தது. கறுப்புத் தண்ணி மெல்ல மெல்லப் போய் அவள் வெறுங்காலின் பெருவிரலைத் தொட்டது. அவள் காலை எடுக்கவில்லை.