வெறும் கட்டி

தடாலென்று ஒரு சத்தம். இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றது. மின்விசிறியும் நின்றுவிட்டது.

வைஷு அலாரத்தை அழுத்தினாள். வெளியே எங்கிருந்தோ காவலாளியின் குரல் வந்தது: "தோ மினிட், மேடம்."

"இவாளோட ரெண்டு நிமிஷம்னா அரை மணி" என்றாள் அவள் அம்மா சரசா, சுவரில் சாய்ந்துகொண்டு.

பிம்ப்ரியில் இருந்த அந்த ஆஸ்பத்திரியின் நாலாவது மாடியில், ஆபரேஷன் வேண்டாம் என்று சற்று முன்தான் டாக்டரிடம் சொல்லியிருந்தாள் சரசா. கீழே இறங்கினால் ஆட்டோ பிடித்து விஷ்ராந்த்வாடியில் இருக்கும் வீட்டுக்குப் போய்விடுவாள். அதற்குள் அவள் மனத்தை மாற்றியாக வேண்டும். அதற்கு வழியில்லாமல் செய்துவைத்திருந்தவள் வைஷுவேதான்.

சரசாவுக்கு வருஷக்கணக்காக வாயும் கண்ணும் வறண்டு கிடந்தன. மோர் ஊற்றாமல் ஒரு கவளம் இறங்காது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சுரப்பிகளையே தாக்குகிற வியாதி அது. அதன் விளைவாகவே மார்பெலும்புக்குப் பின்னால், தைமஸ் சுரப்பியில் ஒரு கட்டி. பரிசோதனையில் லிம்ஃபோமா என்கிற புற்றுநோய் என்று வந்தது. அபூர்வமானது, மெதுவாக வளர்வது, எங்கும் பரவவில்லை, எடுத்துவிட்டால் நன்றாக இருப்பார் என்று டாக்டர் வைஷுவிடம் தனியாகச் சொன்னார். அம்மாவிடம் நானே பக்குவமாகச் சொல்கிறேன் என்று கேட்டுக்கொண்டு வந்தவள், ஒண்ணுமில்லைம்மா, வெறும் கொழுப்புக் கட்டி என்று சொல்லிவிட்டாள்.

வெறும் கட்டிக்கு எதற்காக நெஞ்சைப் பிளக்க வேண்டும்? அம்மா கேட்டதில் தப்பே இல்லை.

புழுக்கத்தில் வைஷுவின் முதுகு நனைந்தது. மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னாள்.

"அம்மா, அது கொழுப்பு இல்லை. கேன்சர்."

மீதியையும் மறைக்காமல் கொட்டினாள். சரசா கையிலிருந்த பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். முகத்தில் அதிர்ச்சி இல்லை. குணமாகுமா என்று மட்டும் கேட்டாள்.

"ஆகும்மா. அதுக்குத்தான் ஆபரேஷனே."

மின்விசிறி மறுபடி சுழன்றது. லிஃப்ட் ஒரு குலுக்கலோடு கீழே இறங்க ஆரம்பித்தது. சரசா கையை நீட்டி நாலாவது மாடிக்கான பட்டனை அழுத்தினாள். வைஷு திகைத்துப்போய் அவளைப் பார்த்தாள்.

"உங்கப்பாகிட்ட கடைசி வரைக்கும் ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லைன்னுதானேடி சொன்னோம்? நீ என்கிட்டயும் அதையே சொன்னதும், எனக்கும் முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சுண்டேன்."