கதவின் இன்னொரு பாதி

மேரியனின் பப்பில் வேலை பார்க்கும் நெவில் கேரட், அதன் வாசலை அளந்துகொண்டிருந்தார். கறுப்பு டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, டேப்பின் நுனியைக் கட்டைவிரலால் நிலையில் அழுத்திப் பிடித்திருந்தார்.

“முப்பது இஞ்ச். பெட்டி போயிரும், தூக்கறவன் தோள் போகாது. அந்த இன்னொரு பாதிக் கதவையும் தொறந்துட்டா தாராளம்.”

“யாரு உள்ள கொண்டுவரச் சொன்னா?” என்றாள் மேரியன். துடைத்த கிளாஸையே மூன்றாவது முறையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“யாரும் சொல்லலம்மா. சும்மா அளந்து வெச்சேன்.”

பத்தரைக்குச் சவ வண்டி வரும். தேவாலயத்துக்குப் போகிற வழியில் பப்பின் முன்னால் ஐந்து நிமிடம் நிற்கும். இங்கிலாந்தில், சஃபோக் மாவட்டத்தின் இந்தப் பக்கத்தில் பப்பே கதியென்று கிடந்தவர்கள் செத்தால் அதுதான் வழக்கம். வரப்போவது மேரியனின் அப்பா ரெஜ் தர்லோ. அவர் இங்கே காலெடுத்து வைக்கக் கூடாது என்று ஆயுள் தடை போட்டவளும் மேரியன்தான். கல்லாவுக்குப் பின்னால் ஒட்டிய காகிதத்தில் ஐந்து பெயர்கள் இருந்தன. முதல் பெயர் அவருடையது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு மத்தியானம், கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில், ரெஜ் பீர்க் குவளையைத் தூக்கி அவள் அம்மாமேல் எறிந்தார். புருவத்தில் ஏழு தையல். அம்மா சாகும்வரை அந்த இடத்தில் முடி முளைக்கவில்லை. மேரியனால் அதை மன்னிக்க முடியவில்லை, இன்றைக்கும் முடியவில்லை.

யார் பேச்சையும் கேட்காத ரெஜ் இந்த ஒரு பேச்சை மட்டும் கேட்டார். குடியை விட்டார். தினமும் பன்னிரண்டு மணிக்கு எதிர்ப்பக்கத்துப் பஸ் நிறுத்தப் பெஞ்சில் பிளாஸ்க் டீயோடு வந்து உட்காருவார். ஒருமுறை நிலவறையில் வெள்ளம் புகுந்து ஊரே உள்ளே இறங்கி இறைத்தபோது, அவர் நடைபாதையில் நின்றே வாளி வாங்கினார். வாசற்படியில் ஷூ நுனிகூடப் படவில்லை. “ரெஜ் பீரைப் பார்த்தே பசியாறுறான்” என்று உள்ளே இருந்தவர்கள் சிரிப்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது?

போன வியாழக்கிழமை மழையில் அவர் ரோட்டைத் தாண்டி வாசலுக்கு வந்தார். “கொஞ்ச நேரம் உள்ள உக்காரவா, மேரியன்? குளிருது.”

சாப்பாட்டு நேரம். அவள் இரண்டு கையிலும் தட்டு. “இன்னைக்கு வேணாம்ப்பா,” என்றாள். தலையாட்டிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை காலை பக்கத்து வீட்டுக்காரி போய்ப் பார்த்தபோது நாற்காலியிலேயே போயிருந்தார்.

மேரியன் ஸ்டூல்களை நகர்த்தினாள். நகர்த்தியவற்றைத் திரும்ப இழுத்துப் போட்டாள். சமையலறைக்குப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வந்தாள்.

“அன்னைக்கு உள்ள விட்டிருந்தா…”

“உள்ள விட்டிருந்தாலும் ஹார்ட் நின்னிருக்கும்,” என்றார் நெவில்.

“அதக் கேக்கல. உயிரோட வந்து கேட்டப்ப விடல. இப்ப பெட்டியில வெச்சுக் கூப்பிட்டா, அது யாருக்குக் காட்டற நாடகம்?”

நெவில் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு கல்லாப் பக்கம் போய் வழக்கப்படி இறந்தவர் பேரில் ஒரு பெரிய குவளை பீர் நிரப்பி வைத்தார்.

வண்டி வந்து வாசலுக்குச் சற்றுத் தள்ளி நின்றது. தூக்குகிற ஆறு பேரும் தொப்பியைக் கழற்றினார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. மேரியன் பீரைத் தொடவில்லை. ஒரு கோப்பை டீ ஊற்றி எடுத்துக்கொண்டு, வண்டியைப் பார்க்காமல் ரோட்டைத் தாண்டினாள். பெஞ்சின் ஈரத்தை ஏப்ரனால் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் அவள் இங்கே உட்கார்ந்ததில்லை.

எதிரே பப்பின் ஜன்னல். பீர்க் குழாய்களைச் சாப்பாட்டுப் பட்டியல் பலகை முழுதாக மறைத்திருந்தது. பலகைக்கு மேலே கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் உள்ளே தெரிந்தது. அந்த இடத்தில் நின்று நெவில் டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். பகல் முழுக்க அவள் நிற்கிற இடம் அது.

மேரியன் டீயைக் குடிக்கவில்லை, பெஞ்சிலேயே வைத்துவிட்டு எழுந்தாள்.

“கிளம்பலாமாங்க? பாதிரியார் காத்திருப்பார்,” என்றார் வண்டியோடு வந்தவர், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

“இருங்க.”

மேரியன் வாசலில் மண்டியிட்டாள். இன்னொரு பாதிக் கதவின் கீழ்த் தாழ்ப்பாள் துருவேறி இறுகிக் கிடந்தது. இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. ஒரு ஷூவைக் கழற்றி அதன் குதியால் ஓங்கித் தட்டினாள்.

“நெவில், மேல்தாழ்ப்பாளப் பிடிங்க.”

அவர் ஓடி வந்தார். அவள் மறுபடி தட்டினாள். ஷூ இல்லாத கால் வாசற்படியில் நனைந்துகொண்டிருந்தது.